ஆச்சியின் அரிவாள்மணை

போன மாதம் ஒரு பெண் போன் செய்தார். மகனுக்கு ஐந்து வயது முடியப் போகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை. உயிர் தங்கியது, பார்வை தங்கவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த 30 நாளுக்குள் கண்ணைப் பரிசோதித்துப் பார்த்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அதை அவர்களுக்கு யாரும் அப்போது எடுத்துச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். நானும் பார்வையில்லாதவள், வங்கியில் வேலை பார்க்கிறேன், தனியாகப் போய் வருகிறேன், அதனால் எனக்கு விடை தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டார். "அக்கா, அவன் சாதாரணப் பிள்ளையா வளரணும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஹாஸ்டல்ல விடவா, இல்ல இங்க உள்ள ஸ்கூல்லயே சேக்கவா? நீங்க என்ன சொல்லுதியளோ அதையே செஞ்சிருதேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் இரண்டையும் பார்த்தவள். எட்டாம் வகுப்பு வரை பார்வையற்ற பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி. அப்புறம் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளி. தனியாகப் பிரித்து வைப்பது தப்பு, எல்லாரோடும் சேர்த்துப் படிக்க வைப்பதுதான் சரி என்று இன்றைக்கு எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார்கள். கொள்கையாக எனக்கும் அதில் மறுப்பு இல்லை. ஆனால் எனக்குக் கிடைத்த சாதாரணமான சின்ன வயது முக்கால்வாசியும் அந்த விடுதிக்குள்தான் கிடைத்தது. இதை வெளியே சொல்லத் தயக்கமாகவும் இருக்கிறது, ஏனென்றால் அதற்கு எங்கள் வீடு கொடுத்த விலையும் எனக்குத் தெரியும்.

யாரும் பாவமில்லாத இடம்

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். விழித்திரைக் கோளாறு, ஒன்றும் செய்வதற்கில்லை என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகும் சில வருஷம் கோயில், வைத்தியர் என்று ஓடியது. அதை விவரிக்க வேண்டாம், பல வீடுகளில் நடப்பதுதான். ஆறு வயதில் என்னை வேறு மாவட்டத்தில் இருந்த விடுதியில் சேர்த்தார்கள். 1990-களின் தொடக்கம் அது. முதல் சில நாள் அழுதேன். எல்லாரும் அழுவார்கள்.

சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருக்காது, அம்மா கொடுத்துவிட்ட முறுக்கு டப்பாவைப் பக்கத்துப் பாய்க்காரி திறந்து தின்றுவிட்டாள். நான் அவள் கையைக் கடித்தேன். வார்டன் அக்கா வந்து விசாரித்து, அன்று சாயங்காலம் இரண்டு பேருக்கும் விளையாட்டு கிடையாது என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து, மற்றவர்கள் விளையாடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அதுவரைக்கும் என்னை யாரும் தண்டித்தது கிடையாது. வீட்டில் நான் எதை உடைத்தாலும் "பாவம், பிள்ளைக்கு என்ன தெரியும்" என்பார்கள். இங்கே எனக்கு எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொண்டு தண்டனை கொடுத்தார்கள். அந்தப் பெண்தான் அப்புறம் என் உயிர்த் தோழி ஆனாள்.

விடுதித் தாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாக்குத் துணியில் தடித்த நூலால் கட்டம் தைத்திருப்போம். ஒருத்திக்குக் காய் புளியங்கொட்டை, ஒருத்திக்குச் சோழி, ஒருத்திக்கு உடைந்த வளையல் துண்டு, இன்னொருத்திக்குக் கூழாங்கல். தடவினாலே யாருடைய காய் என்று தெரிந்துவிடும். பித்தளைத் தாயக்கட்டையில் புள்ளிகள் குழியாக வெட்டியிருக்கும். உருட்டியவள் கட்டை மேல் கை வைக்கக் கூடாது. எதிராளி ஆள்காட்டி விரலை மேலேயிருந்து நேராக இறக்கி, கட்டையை அசைக்காமல் குழியை எண்ணிச் சொல்ல வேண்டும். அதில்தான் எல்லாக் கள்ளத்தனமும். நகத்தால் ஒரு சின்னத் தட்டு, கட்டை புரண்டுவிடும். பித்தளை தரையில் புரளும்போது வரும் 'ணிக்' என்கிற சத்தத்தை மறைக்க, அந்த நேரம் பார்த்து இருமுகிறவள் ஒருத்தி இருந்தாள். பிடித்துவிட்டால் சண்டை, மூன்று நாள் பேச்சு கிடையாது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நான் ஜெயித்தால் உண்மையில் ஜெயித்தேன் என்று அர்த்தம்.

கிரிக்கெட்டும் உண்டு. ரப்பர் பந்தைப் பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டால், தரையில் உருண்டு வரும்போது சரசரவென்று சத்தம் கேட்கும். கையைத் தாழ்த்தி உருட்டித்தான் போட வேண்டும். மழை பெய்து மண் ஈரமாக இருந்தால் சத்தம் குறைந்துவிடும், அன்றைக்கு ஆட்டம் கிடையாது. 1998-ல் டெல்லியில் பார்வையற்றோருக்கான முதல் உலகக் கோப்பை நடந்தது என்ற செய்தி எங்களிடம் வந்து சேர்ந்தபோது, யார் ஜெயித்தார்கள் என்பதைவிட, அவர்கள் பந்துக்குள்ளேயே கிலுகிலுக்கும் குண்டுகள் இருக்கும் என்ற விவரத்தைத்தான் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம்.

படிப்பும் அங்கேதான் கைக்கு வந்தது. பிரெயில் என்பது விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து. பிரெயில் ஸ்லேட்டில் தடித்த தாளைச் செருகி, ஸ்டைலஸ் என்கிற குத்தூசியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போக வேண்டும். தாளைத் திருப்பிப் போட்டு இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றும். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சுற்றாது. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே முறையான பாரதி பிரெயில் 1951-ல் ஏற்பட்டது. அதில் உயிரொலி எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் வரும். 'கொ' என்பதை 'க', 'ஒ' என்று வரிசையாகக் குத்திவிட்டுப் போய்விடலாம். அச்சில் அந்த எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் உண்டு என்பதே ஒன்பதாம் வகுப்பில் தோழி ஒருத்தி என் உள்ளங்கையில் எழுதிக் காட்டியபோதுதான் தெரிந்தது. கணக்குக்கு டெய்லர் பலகை. எட்டு மூலை உள்ள குழிகளில் சின்ன ஈய டைப்பைத் திருப்பித் திருப்பிச் செருகினால் அதன் திசைதான் எண். டைப் கீழே கொட்டிவிட்டால் வகுப்பே தரையில் தவழும். அந்தச் சாக்கில் அடுத்தவள் டைப்பை எடுத்து ஒளித்து வைப்போம். ராத்திரி விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் புத்தகத்தை வைத்துப் படிப்போம். அதைக் கண்டுபிடிக்க வார்டன் அக்காவுக்கு இருந்த ஒரே வழி, விரல் தாளில் உரசும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பதுதான்.

லீவுக்கு வரும் விருந்தாளி

அப்புறம் லீவு வரும். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து நான் வேறு பிள்ளை ஆகிவிடுவேன். கையைப் பிடித்துக்கொள்ள ஆள். சாப்பாட்டில் மீனின் முள்ளெடுத்த நடுத்துண்டு எனக்கு. வீட்டுக்கு வருகிறவர்கள் என் தலைக்கு மேலாக அம்மாவிடம் கேட்பார்கள்: "பிள்ளைக்குக் காப்பிக்குச் சீனி எவ்வளவு போட?" நான் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்.

பெரியப்பா பிள்ளைகளோடு அஞ்சாங்கல் விளையாடுவேன். கல்லை மேலே போட்டுக் கையை நீட்டுவேன். அது தரையில் விழுந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்கும். "பிடிச்சிட்டா, பிடிச்சிட்டா!" என்று எல்லாரும் கத்துவார்கள். அடுத்த ஆட்டமும் எனக்கே. நல்ல மனசுள்ள பிள்ளைகள்தான், பெரியம்மா சொல்லிக் கொடுத்திருப்பார். ஆனால் என்னால் அங்கே தோற்க முடியவில்லை. தோற்க முடியாத ஆட்டத்தில் நான் விளையாடவே இல்லை, என்னை நடுவில் வைத்து அவர்கள் விளையாடினார்கள்.

இன்னொன்று. விடுதியில் நாங்கள் எல்லாரும் நடக்கும்போது நாக்கால் 'டக்' என்று சத்தம் போடுவோம், இல்லை சொடக்குப் போடுவோம். சுவர் பக்கத்தில் இருந்தால் சத்தம் உடனே திரும்பி வரும், வாசல் திறந்திருந்தால் ஓடிப் போய்விடும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பெரிய பிள்ளைகளைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் பழகியது. வீட்டில் அதைச் செய்தால் "பல்லி மாதிரி என்ன சத்தம், நல்லாவா இருக்கு" என்று வாயைப் பொத்துவார்கள். அமெரிக்காவில் டேனியல் கிஷ் என்று ஒருவர் இருக்கிறார். கண் புற்றுநோயால் 13 மாதத்திலேயே இரண்டு கண்ணையும் இழந்தவர். இதே நாக்குச் சத்தத்தை வைத்துச் சைக்கிள் ஓட்டுகிறார், உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். இப்படி எதிரொலியில் வழி அறிகிறவர்களின் மூளையில் பார்வைக்கான பகுதியே வேலை செய்கிறது என்று 2011-ல் ஓர் ஆய்வும் வந்தது. கிஷ்ஷைப் பற்றிப் படித்தபோது அவர் திறமையைவிட என்னை நிறுத்தியது அவர் அம்மாதான். மரம் ஏறுகிற பிள்ளையைக் கீழே இறக்காமல் விட்டிருக்கிறார்.

கொடை நாளில்

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வீடு நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். நான் நாலாம் வகுப்பு முடித்த லீவு என்று நினைவு. மத்தியானம் அவியல் வைக்க வேண்டும். அடுக்களைக்குப் பின்னால் பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து காய் அரிகிறார்கள். என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் தேங்காய் எடுத்துக் கொடுக்க, தண்ணீர் மொள்ள என்று ஓடுகிறார்கள். என்னை முன்கட்டுத் தார்சாவில் பாய் போட்டு உட்கார வைத்து, பக்கத்தில் ரேடியோவை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தேன். "எனக்கும் ஏதாவது வேலை குடுங்க" என்று கேட்டேன். பேச்சு நின்றது. அத்தை ஒருத்தி "நீ போய்ப் பாட்டுக் கேளு கண்ணு" என்றார்.

ஆச்சி அப்பாவின் அம்மா. அவ்வளவாகப் பேச மாட்டார். "ஏட்டி, இங்க வந்து உக்காரு" என்று தன் பக்கத்தில் இடம் விட்டார். நான் உட்கார்ந்ததும் தன் அரிவாள்மணையை என் முன்னால் தள்ளி வைத்தார். அம்மா பதறிப்போய், "அத்தே, என்ன செய்யுதிய, அவளுக்குக் கண்ணு..." என்றார். "கண்ணு இல்லன்னா கை இருக்குல்லா" என்றார் ஆச்சி. "அறுத்துகிட்டான்னா?" "மஞ்சப்பொடி இருக்கு."

ஆச்சி என் வலது காலை மடக்கி மணைக்கட்டையின் மேல் அழுத்தி வைக்கச் சொன்னார். அப்புறம் என் கையை எடுத்து முதலில் இரும்பின் முதுகைத் தடவ வைத்தார். மொழுக்கென்று தடித்திருந்தது. அப்படியே மேலே கொண்டுபோய், நுனியில் தேங்காய் துருவும் பல்லைத் தொட வைத்தார். அங்கிருந்து பக்கவாட்டில் இறக்கினார். வாய்ப் பக்கம் வந்ததும் என் விரலைத் தன் விரலுக்கு மேலே வைத்துக்கொண்டு, குறுக்கே ஒரு தடவை லேசாகத் தொட வைத்தார். "வாய் உன்னப் பாத்துதான் இருக்கும். அது எங்கயும் போவாது. நீதான் காயக் கொண்டு அதுகிட்ட போணும், வரணும். நீ போற எடம் ஒனக்குத் தெரியும்லா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லித் தந்த பாடங்களில் இதைவிடத் தெளிவானது இல்லை. கத்தி கையில் நகரும், அது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு நொடியும் கவனிக்க வேண்டும். அரிவாள்மணை நகராது. இரும்பு நட்டுக்கொண்டு நிற்கிறது, கை இரண்டும் காயின் இரண்டு பக்கத்தில் இருக்கிறது, காய்தான் அதன் மேல் போகிறது. கண் பார்வை இல்லாத ஒருத்திக்கு அதைவிட ஒழுங்கான கருவி அடுக்களையில் கிடையாது. ஆச்சி இதை யோசித்து வைத்திருந்தாரா, இல்லை அந்த நிமிஷத்தில் தோன்றியதா, எனக்குத் தெரியாது.

புடலங்காயை நெடுக்காகப் பிளந்து கொடுத்தார். "ஒஞ் சுண்டு விரல் நீளம் வச்சு வெட்டு" என்றார். ஒவ்வொரு துண்டையும் சுண்டு விரலில் வைத்துப் பார்த்து அரிந்தேன். பாத்திரத்தில் விழும் சத்தம் கேட்டுக் கேட்டு எனக்கு வேகம் வந்துவிட்டது. வேகம் வந்ததும் விரல் அறுபட்டது. இடது ஆள்காட்டி விரல். நான் பிரெயில் படிக்கும் விரல். அம்மா அழுதுவிட்டார். "அந்த விரல்லதான அவ படிக்கா!" ஆச்சி மஞ்சள்பொடியை வைத்து அழுத்தி, பழைய சேலைத் துண்டைக் கிழித்துக் கட்டினார். "ஆறுத வரைக்கும் அந்தக் கையால படி" என்று என் வலது கையைத் தட்டினார். எனக்கு வலித்தது. ஆனால் எழுந்து போகச் சொல்லிவிடுவார்களோ என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. யாரும் போகச் சொல்லவில்லை. ஆச்சி அடுத்த துண்டுக் காயை எடுத்து என் மடியில் போட்டார்.

பந்தியில் மாமா ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே, "இந்தப் புடலங்காய யாரு இப்படிக் கோணலும் மாணலுமா அரிஞ்சது?" என்று கேட்டார். "ஒம் மருமகதான்" என்று ஆச்சி என் பெயரைச் சொன்னார். மாமா சட்டென்று பேச்சை மாற்றி, "அடடா, ரொம்ப நல்லா இருக்கே" என்றார். "நல்லா இல்ல. நாளைக்குச் சரியா அரிவா" என்றார் ஆச்சி. மறுநாள் காலையில் துணிக்கட்டோடு என்னை மறுபடியும் உட்கார வைத்தார். எனக்கு மாமா கடைசியில் சொன்ன பாராட்டு மறந்து போயிருக்க வேண்டியது. முதலில் சொன்ன குறைதான் இன்றைக்கும் சந்தோஷம். யார் செய்தது என்று தெரியாமல், வேலையைப் பார்த்து ஒருவர் குறை சொன்னார்.

லூயி பிரெயிலின் கதை பலருக்கும் தெரிந்ததே. 1809-ல் பிறந்தவர், மூன்று வயதில் அப்பாவின் சேணப் பட்டறையில் கூரான கருவி ஒன்று கண்ணில் பட்டு, அந்தக் காயம் புரையோடி இரண்டு கண்ணும் போயிற்று. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்தக் குடும்பம் பையனை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. கூப்வ்ரே கிராமத்தின் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார். பத்து வயதில் பாரிஸ் விடுதிப் பள்ளிக்குப் போனார். 15 வயதில், 1824-ல், அதே மாதிரிக் கூரான ஊசியைக் கையில் பிடித்துத் தாளில் குத்திக் குத்தித்தான் ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கினார். கூர் முனையைப் பார்த்து அந்த வீடு வாழ்நாள் முழுக்கப் பயந்திருந்தால் என் கையில் எழுத்து இருந்திருக்காது.

அம்மாவைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக் கூடாது. பார்வையுள்ள பிள்ளை விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டால் 'பிள்ளைன்னா விழத்தான் செய்யும்' என்பார்கள். நான் விழுந்தால் 'தாய்க்காரி என்ன செஞ்சிகிட்டு இருந்தா' என்று கேட்டார்கள். என் முட்டியில் ஏறிய ஒவ்வொரு சிராய்ப்புக்கும் அம்மா ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஆச்சிக்கு வயதாகிவிட்டது, ஊரைத் திருப்பிக் கேள்வி கேட்கிற இடத்தில் அவர் இருந்தார். பார்வையற்ற பிள்ளையின் சின்ன வயதைப் பறிப்பது பெரும்பாலும் தாயின் பயம் இல்லை, தாயை நோக்கி நீட்டப்படும் விரல்தான். இதை நான் அடித்துச் சொல்வேன்.

போன் செய்த பெண்ணிடம் அதனால்தான் பள்ளிக்கூடத்தைப் பற்றி முதலில் பேசவில்லை. மறுபடி அழைத்தபோது, "வீட்டுல அவனுக்கு என்ன வேலை குடுக்கிறீங்க?" என்று கேட்டேன். "அவனுக்கா? அவன் கண்ணு தெரியாத பிள்ளைல்லா அக்கா" என்றார். பூண்டு உரிக்கச் சொல்லுங்கள், துவைத்த துணியில் அவன் துணியைப் பிரித்து மடிக்கச் சொல்லுங்கள், தப்பாகச் செய்தால் திட்டுங்கள் என்றேன். "திட்டவா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பை காவல்

ஒன்பதாம் வகுப்பில் நான் ஊருக்கே வந்துவிட்டேன். எல்லாரோடும் சேர்த்துப் படிக்க வைக்கும் மத்திய அரசுத் திட்டம் 1974-லேயே வந்தது. அதன் பயன் எங்கள் பக்கத்துக்கு வந்து சேர அத்தனை காலம் ஆயிற்று. ஆசிரியர்கள் நல்லவர்கள். முதல் பெஞ்சு எனக்கு. கரும்பலகையில் எழுதிக்கொண்டே "இதையும் இதையும் கூட்டினா இது வரும்" என்று கணக்கு வாத்தியார் சொல்லும்போது எது எது என்று எனக்குத் தெரியாது. பிரெயில் தெரிந்த சிறப்பாசிரியர் எப்போதாவது வருவார். விளையாட்டு பீரியடில் வகுப்பே காலியாகிவிடும், பைகளுக்குக் காவலாக நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். விடுதியில் பந்தைத் துரத்தி ஓடியவள் நான் என்று அங்கே யாருக்கும் தெரியாது. சுதந்திர தினத்தில் பாட மேடைக்கு மட்டும் தவறாமல் கூப்பிடுவார்கள். பாடி முடித்ததும் சிறப்பு விருந்தினர் என்னைச் சாதனை மாணவி என்பார். நான் சுமாராகத்தான் பாடுவேன்.

சாதனை என்ற சொல்லைக் கேட்டால் இப்போதும் எனக்கு மூச்சு முட்டும். சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபின் 2015-ல் முழுப் பார்வையற்றவர்களில் முதல் ஆளாக வெளியுறவுப் பணியில் சேர்ந்தபோது நாங்கள் எல்லாரும் கொண்டாடினோம். அவரும் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தவர்தான். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பார்வையற்ற பிள்ளையைக் கண்டாலும் "நீயும் அவங்க மாதிரி வருவே" என்று தலையைத் தடவுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவன் ஒன்றுமே ஆகாமல் தெருவில் டயர் உருட்டலாம். அந்த உரிமை எங்கள் பிள்ளைக்கும் வேண்டும்.

அந்தப் பள்ளியில் எனக்கு ஒரே ஒரு நிஜத் தோழி வாய்த்தாள். பேச்சு சுவாரசியத்தில் என்னைக் கூட்டி வருவதை மறந்துவிட்டு, நான் வாய்க்காலில் கால் விட்டபோது விழுந்து விழுந்து சிரித்தவள். நானும் சிரித்தேன். என் உள்ளங்கையில் 'கொ' எழுதிக் காட்டியதும் அவள்தான்.

கொடுத்த விலை

விடுதியைப் புகழ்ந்து பேசிவிட்டேன். இதையும் சொல்ல வேண்டும். என் தங்கை எனக்கு ஏழு வயது இளையவள். அவள் தவழ்ந்ததும் பேச்சு வந்ததும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு லீவுக்கும் புதிதாக ஒரு பிள்ளையிடம் பழகினேன். ஒரு தட்டில் சாப்பிட்டுச் சண்டை போட வேண்டிய வயதில் எனக்கு அவள் குரலே முழுதாகப் பழகவில்லை. போன தீபாவளிக்கு, "நான் வீட்டுலயே இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்?" என்று அவளிடம் கேட்டேன். "ஒனக்குப் படிப்பு வந்திருக்காது. எனக்கு அக்கா இருந்திருப்பா" என்றாள்.

ஆச்சி இறந்தபோது நான் ஏழாம் வகுப்பு. காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான் அப்பா விடுதிக்கு வந்து சொன்னார். பிள்ளை தாங்க மாட்டாள் என்று முடிவு செய்திருக்கிறார்கள். என் பெரியப்பா பிள்ளைகள், என்னைவிடச் சின்னவர்கள், நெய்ப்பந்தம் பிடித்திருக்கிறார்கள். எனக்கு வேலை கொடுக்கச் சொல்லி அன்று கேட்பதற்கு ஆச்சியும் இல்லை.

இரண்டும் இருக்க வேண்டும்

இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887-ல் அமிர்தசரஸில் தொடங்கியது. மூன்றே வருஷத்தில், 1890-ல், ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் ஒன்றை ஆரம்பித்தார். அந்த வகையில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். விடுதிப் பள்ளிகள் இல்லாமல் போயிருந்தால் எங்களில் பெரும்பாலானவர்களுக்கு எழுத்தே இருந்திருக்காது. அதனால் அவற்றை மூடிவிட வேண்டும் என்று பேசுகிறவர்களோடு என்னால் சேர முடியாது. பிரெயில் தெரிந்த ஆசிரியர், சத்தம் போடும் பந்து, தடவிப் பார்க்கும் வரைபடம், தன்னைப் போன்ற நாலு பிள்ளைகள், இவை எதுவும் இல்லாத ஊர்ப் பள்ளியில் ஒரு பிள்ளையைச் சேர்த்துப் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டால் அவன் எல்லாரோடும் சேர்ந்துவிட்டதாக ஆகாது. பை காவலுக்குத்தான் போவான்.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 31-ஆம் பிரிவில், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையான பிள்ளைக்கு, அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தன் விருப்பப்படி இலவசமாகப் படிக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. நல்ல சட்டம், நான் மதிக்கிறேன். ஆனால் விருப்பம் என்று சொல்ல இரண்டு பக்கமும் ஏதாவது இருக்க வேண்டும். இப்போது ஒரு பக்கம் எழுத்து இருக்கிறது, வீடு இல்லை. இன்னொரு பக்கம் வீடு இருக்கிறது, எழுத்து இல்லை. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் ஒருவரே பல பள்ளிகளுக்குப் போக வேண்டியிருக்கிறது. காது கேளாத பிள்ளை, மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளை, எங்கள் பிள்ளை எல்லாருக்கும் அவர்தான். பிரெயில் அப்படி வருவதில்லை. முதல் இரண்டு மூன்று வருஷம் தினமும் விரல் தாளில் ஓட வேண்டும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஏதாவது ஒரு தொடக்கப் பள்ளியில் பிரெயில் நன்றாகத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் முழு நேரமும் இருக்கட்டும், அக்கம்பக்கத்துப் பார்வையற்ற பிள்ளைகள் எல்லாரும் அந்த ஒரே பள்ளிக்குச் சாயங்காலம் வீடு திரும்பும் தூரத்திலிருந்து வரட்டும். நாலு பேர் சேர்ந்தால் தாயம் ஆடலாம். விடுதியில்தான் படிக்க வேண்டும் என்றால், சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு அனுப்பட்டும். பிள்ளைக்கும் துணைக்கு வருகிறவருக்கும் பஸ் சலுகை ஏற்கெனவே இருக்கிறது, மாதம் ஒரு முறை என்ற வழக்கத்தை மாற்றினால் போதும். விளையாட்டு பீரியடில் எந்தப் பிள்ளையையும் வகுப்பில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை, அதற்குப் பணமே வேண்டாம். இந்த மூன்றையும் எழுதி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு மனுவாக அனுப்பப் போகிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், உங்கள் பெயரிலும் ஒன்று அனுப்புங்கள்.